புதுப்பிப்பு: பேத்தியின் தையலில் நூல் சுருண்ட காரணம் பிடிபட்டது

பத்து வயதுப் பேத்திக்கு என் பழைய கால்மெசினில் தைக்கப் பழக்குகிறேன், அவள் தைத்தால் மட்டும் துணியின் அடியில் நூல் கூடுபோல் சுருள்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பலர் அடிநூல் சுற்றிய பொபினைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், அதில் பிழையில்லை.

பிழை மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தை இறக்கி வைத்தபடியே நூல் கோத்திருக்கிறாள். அப்போது நூலை இறுக்கும் இரு தட்டுகளும் மூடியிருக்கும். நூல் அவற்றுக்கிடையில் சரியாக இறங்காமல் தளர்ந்து ஓடி, அடியில் போய்ச் சேரும். என் கை தானாகவே பாதத்தைத் தூக்கிவிடும். அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை, பாவம் பிள்ளை.

பாதத்தைத் தூக்கிக் கோத்து, புது ஊசி போட்டு, சீத்தைத் துணித் துண்டொன்றில் ஓட விட்டாள். புரட்டிப் பார்த்து, "அம்மம்மா, இஞ்ச பாருங்கோ, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி!" என்றாள். விரலால் அந்த வரியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத நாட்களில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் இதே மெசினில்தான் அவளுடைய அம்மாவுக்குச் சட்டை தைத்தேன். அதைக் கேட்டதிலிருந்து மெசினுக்கு எண்ணெய் விடுவது அவள் வேலையாகிவிட்டது.

இப்போது பாவாடைக்குச் சுருக்குப் பிடிக்கிறோம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் முடிக்க வேண்டும்.