புதுப்பிப்பு: குதிகால் வலிக்கான மருத்துவ ஆய்வில் இடம் கிடைத்தது

பிளாண்டர் ஃபேசியைடிஸ் எனப்படும் குதிகால் வலிக்கான மருத்துவ ஆய்வுகளை எங்கே தேடுவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. பலனளித்தது, உலக சுகாதார அமைப்பின் ஆய்வுப் பதிவேட்டுத் தளத்தில், ஆள் சேர்க்கை இப்போது நடைபெறும் ஆய்வுகளை மட்டும் தேடுமாறு ஒருவர் கூறிய யோசனைதான்.

முதல் ஆய்வில், அதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்த காரணத்தால் என்னைச் சேர்க்கவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆகவே ஊசிக்குச் சம்மதிக்கும் முன்பே சேர்க்கை விதிகளைப் படித்துவிடுங்கள்.

இரண்டாவதில், ஒப்புதல் படிவத்தை வரிவரியாக விளக்கிக் கையெழுத்து வாங்கிய பின், காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியின் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டு, அல்ட்ராசவுண்டில் பாதத் திசுப்பட்டையின் (குதிகாலிலிருந்து விரல்கள் நோக்கி உள்ளங்காலில் ஓடும் தடித்த பட்டை) தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டியதை உறுதிசெய்து சேர்த்துக்கொண்டார்கள். இந்த ஆய்வு சோதிப்பது, வலியுள்ள இடத்தில் ஒலி அலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சையை. எனக்குக் கிடைப்பது உண்மையான சிகிச்சையா, ஒப்பிடுவதற்காக அதைப் போலவே செய்யப்படும் போலிச் சிகிச்சையா என்பது ஆய்வு முடியும்வரை எனக்குத் தெரியாது.