எலக்ட்ரானிக் நம்பர் பிளேட் நம்ம சேலத்துல டெஸ்ட் பண்ணா சரிவருமா?

கோரிமேடு_54:

வணக்கம் மக்களே, முதல்ல எனக்கு நடந்தத சொல்லிடறேன், அப்பதான் ஏன் கேக்கறேன்னு புரியும். போன மாசம் போனுக்கு மெசேஜ் வந்துச்சு, ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டுனதுக்கு சலான்னு. இடம் பாத்தா திருச்சி. அன்னிக்கு நான் காய்ச்சல்ல கோரிமேட்டு வீட்ல படுத்திருக்கேன், வண்டி வாசல்ல வேப்பமரத்தடியில நிக்குது. சலான்ல இருந்த போட்டோவ பெருசு பண்ணி பாத்தா டி.என் 54ல ஆரம்பிச்சு கடைசி நாலு நம்பர் வரைக்கும் அச்சு அசலா என்னோட நம்பர், ஆனா வண்டி என்னோடது இல்ல. என்னோடது கருப்பு, 2016ல எடுத்தது, சைலன்சர் பக்கம் மட்கார்டுல ஒரு கீறல் இருக்கும். அது செவப்பு வண்டி, பின்னாடி புடிக்கிற கம்பியே வேற மாதிரி. எவனோ ஸ்டிக்கர் கடையில என் நம்பர வெட்டி ஒட்டிக்கிட்டு சுத்தறான்!

இத சொல்லி புரிய வைக்க மூணு நாள் லீவு போட்டு அலைஞ்சேன். அபராதம் கூட போகட்டும், நாளைக்கு அந்த வண்டி யாரையாச்சும் இடிச்சுட்டு நிக்காம போனா போலீஸ் என் வீட்டு கதவத்தானே தட்டும்? ராத்திரி படுத்தா அதே நெனப்பு.

கலிஃபோர்னியால தகடுக்கு பதிலா ஸ்கிரீன் மாதிரி நம்பர் பிளேட் 2018ல இருந்து சோதனையா ஓடி, 2022ல எல்லாரும் வாங்கிக்கலாம்னு சட்டமே போட்டுட்டாங்க. துபாய்லயும் 2018ல டெஸ்ட் பண்ணாங்க. நம்ம ஊருக்கு அது வந்தா இந்த போலி நம்பர் தொல்லை ஒழியுமா? இந்த வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அஞ்சுரோடு_ஆர்எஃப்:

நண்பா, உங்க அலைச்சல் புரியுது. நான் வண்டில ஒட்டற டேக், அத தூரத்துல இருந்தே படிக்கற கேட் ரீடர் இதெல்லாம் மாட்டிக் குடுக்கற வேலைதான் பாக்கறேன், அதனால தெரிஞ்சத சொல்றேன்.

அந்த ஸ்கிரீன் பிளேட் உங்க பிரச்சனைக்கு மருந்து இல்ல. அங்க அது வந்த காரணமே வேற. அங்க வருஷா வருஷம் பதிவ புதுப்பிச்சு பிளேட்டு மேல சின்ன ஸ்டிக்கர் ஒட்டணும், ஸ்கிரீன்னா அது தானா மாறிடும், வண்டி திருடு போனா திருட்டு வண்டின்னு எழுத்து வரும். நமக்கு சொந்த வண்டின்னா ஒரு தடவ பதிஞ்சா 15 வருஷம், அந்த ஸ்டிக்கர் வேலையே கெடையாது. அதுக்கும் மேல, ரிவைவர்ங்கற கம்பெனிதான் அங்க அத கொண்டு வந்துச்சு, 2023 ஜனவரில பாதுகாப்பு ஆராய்ச்சி பண்றவங்க சில பேரு அவங்க வெப்சைட் ஓட்டை வழியா பூந்து எந்த வண்டி எங்க நிக்குதுன்னு எல்லாத்தையும் பாக்க முடியும்னு காட்டுனாங்க. 2024 கடைசில இன்னொருத்தர் பிளேட்ட கழட்டி உள்ள ஒயர் குடுத்து சாஃப்ட்வேர மாத்தி, தனக்கு வேணும்ங்கற நம்பர அதுல வரவெச்சாரு. ஸ்டிக்கர் கடைக்காவது ஒரு தடவ போகணும், இதுல ஒரு தடவ சாஃப்ட்வேர மாத்திட்டா அப்புறம் போன்லயே நம்பர் மாத்திடலாம்.

நம்ம ஹெச்எஸ்ஆர்பி பிளேட், அதாவது போலி பண்ண கஷ்டமான பாதுகாப்பு நம்பர் பிளேட், 2019 ஏப்ரல் 1ல இருந்து புது வண்டிக்கெல்லாம் கட்டாயம், அதுல 20 மில்லிமீட்டர் ஹாலோகிராம், லேசர்ல பொறிச்ச தனி நம்பர், கழட்டுனா ஒடையற லாக் எல்லாம் இருக்கு. நல்ல விஷயம்தான், ஆனா அந்த லேசர் நம்பர கிட்ட குனிஞ்சு பாத்தாதான் தெரியும், ரோட்டு மேல கம்பத்துல இருக்கற கேமராவுக்கு தெரியாது. கேமரா பெரிய எழுத்த மட்டும்தான் படிக்கும், உங்க சலான் வந்ததே அப்படித்தான்.

என்ன கேட்டா தகடு தகடாவே இருக்கட்டும், கூட ஒரு சிப்பு வரணும். ஃபாஸ்டேக் மாதிரி பேட்டரி இல்லாதது, ரீடர்ல இருந்து வர்ற அலையிலயே உயிர் வந்து பதில் சொல்லும். ஆனா வெறும் நம்பர மட்டும் சொல்ற சிப்பு வேணாம், அத அப்படியே இன்னொரு டேக்ல எழுதிடலாம். ரீடர் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கேள்வி கேக்கணும், சிப்பு தனக்குள்ள பூட்டி வெச்ச ரகசிய சாவிய வெச்சு விடை சொல்லணும், சாவி வெளியவே வராது. அப்ப தகட்டுல உங்க நம்பர் இருந்து சிப்பு விடை தப்பா வந்தா, இல்ல விடையே வரலேன்னா, அது போலின்னு அந்த எடத்துலயே தெரிஞ்சிடும், சலானும் உங்க வீட்டுக்கு வராது.

காப்பித்தோட்டம்:

ஏற்காட்டுல இருந்து எழுதறேனுங்க. சிப்போ ஸ்கிரீனோ எது வேணா வரட்டும், மனுசன் கண்ணால படிக்கற எழுத்து மட்டும் போயிடவே கூடாதுங்க. ரெண்டு வருசம் முன்ன மார்கழில, காலைல ஏழு மணிக்கு பத்தடி தள்ளி இருக்கறது தெரியாத மூடுபனி, எங்க தோட்டத்து அம்மா ஒருத்தவங்கள ஒரு வேன் ஒரசி தள்ளிட்டு நிக்காம கீழ எறங்கிடுச்சு. கூட வந்த பொண்ணு, எட்டாவதுதான் படிக்குது, கடைசி நாலு நம்பர பாத்து சொல்லிக்கிட்டே ஓடி வந்து காப்பிக்கொட்டை சாக்கு மேல அடுப்புக்கரில எழுதுச்சு. அதுல ஒரு 3 தலைகீழா இருந்துச்சு, அத வெச்சுத்தான் அடிவாரத்துல வண்டிய நிறுத்துனாங்க. அந்த புள்ள கையில ரீடரா இருந்துச்சு?

அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுலயும் கொரங்கு உக்காந்திருக்குதுங்க, வைப்பர் ரப்பர உருவிடும், கண்ணாடிய திருப்பிடும். வெளிய ஒட்டுற எதையும் இந்த மலையில ஒரு மழைக்காலம் வெச்சு பாத்துட்டு அப்புறம் சட்டம் போடச் சொல்லுங்க. போன் சிக்னலும் பல வளைவுல கெடைக்காது, அதனால நெட் இருந்தாத்தான் வேலை செய்யும்ங்கற எதுவும் இங்க ஆகாது.

சங்ககிரி_லோடு:

மேல சொன்னவர் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. நான் ரெண்டு லாரி வெச்சிருக்கேன், என் கஷ்டம் வேற தினுசு. தொப்பூர் கணவாய்ல முன்னாடி போன டிப்பர்ல இருந்து கல்லு தெறிச்சு முன் கண்ணாடி போச்சு. கண்ணாடி அன்னிக்கே மாத்திட்டோம், அதோட ஃபாஸ்டேக்கும் போச்சுல்ல, புதுசு வர அஞ்சு நாள் ஆச்சு, அது வரைக்கும் ஓமலூர், வைகுந்தம் டோல்கேட்லயெல்லாம் ரெட்டிப்பு காசு கட்டுனேன். பதிவு சிப்பும் இப்படி கண்ணாடியோட போனா என் வண்டி பதிவே இல்லாத வண்டி ஆயிடுமா? அன்னிக்கே மாத்திக் குடுக்க ஏற்பாடு இல்லாம இத கொண்டு வந்தா டிரைவருங்கதான் ரோட்ல நின்னு வாங்கிக் கட்டிக்கணும். ஆர்.சி புக்க போன்ல காட்டுனா செல்லும்னு 2018லயே மத்திய அரசு சொல்லிடுச்சு, அதுக்கப்புறமும் ஒரு செக்போஸ்ட்ல ஒரிஜினல் எங்கன்னு ஒரு மணி நேரம் நிக்க வெச்சாங்க, வண்டில தக்காளி லோடு.

வண்டி எங்கெங்க போகுதுன்னு யார் பாக்கறாங்க, எத்தன நாள் வெச்சிருப்பாங்கன்னு எழுத்துல குடுத்தாதான் நான் சம்மதிப்பேன்.

கோரிமேடு_54:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த சாக்கு விஷயம் படிச்சதும் ஸ்கிரீன் ஆசையே போயிடுச்சு. ஒரு சந்தேகம், காருக்கு கண்ணாடி இருக்கு, பைக்ல எங்க ஒட்டறது?

அஞ்சுரோடு_ஆர்எஃப்:

அதுதாங்க சிக்கலே, சாதா டேக்க தகட்டு மேல ஒட்டுனா உலோகம் அலைய கெடுத்துடும். தகட்டுலயே மெல்லிசா ஒரு கீத்து வெட்டி, தகட்டையே ஆன்டெனாவா ஆக்கற முறை இருக்கு, அது என்கிட்ட இல்ல. ஞாயித்துக்கிழமை கை ரீடர் எடுத்துட்டு அடிவாரம் வர்றேன், உங்க வண்டிய கொண்டாங்க, இருக்கறத வெச்சு பாத்துடலாம்.

கோரிமேடு_54:

ஞாயிறு போனோம், பாத்தத அப்படியே எழுதறேன். தகட்டு மேல நேரா ஒட்டுனப்ப ரீடர கிட்டத்தட்ட முட்ட வெச்சாலும் பீப் வரல. நடுவுல விரல் தடிமன் ஃபோம் வெச்சப்ப ரெண்டு எட்டு தூரத்துல வந்துச்சு. ஹெட்லைட் மேல பிளாஸ்டிக் வைசர்ல ஒட்டுனப்ப நாலு எட்டு தள்ளி நின்னாலும் உடனே வந்துச்சு. அத அப்படியே விட்டுட்டு தூறல்ல மேல ஏறி எறங்கி வந்தேன், செம்மண் தெறிச்சு டேக்கே தெரியல, அப்பவும் படிச்சுது. ஈரத்துணில தொடச்சுட்டு தண்ணி சொட்டச் சொட்ட வெச்சப்ப மட்டும் ரெண்டு தடவ விட்டுப்போச்சு, காஞ்சதும் சரியாயிடுச்சு. அடுத்த வாரம் நல்ல மழை வந்தா திரும்ப ஏறி பாக்கறோம், லாரி அண்ணன் முடிஞ்சா ஒரு வண்டிய கொண்டாங்க. சலானுக்கு ரெண்டு வண்டி போட்டோவையும் பக்கத்து பக்கத்துல ஒட்டி மனு குடுத்திருக்கேன், பதில் வந்ததும் இங்கயே போடறேன்.