மறு: ‘கையடக்க நீரியல் அகழ்வான்’ சரிதானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கிலத்தில் ‘compact hydraulic excavator’ எனப்படும் வண்டிக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடல் இழை நீண்டுவிட்டது. கட்டட ஒப்பந்தக்காரர்கள் சின்ன ஹிட்டாச்சி (செயினில் ஓடி மண் தோண்டும் வண்டி) வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன், அதற்குச் சொல் வேண்டும் என்றுதான் நண்பர் கேட்டார். அதை மனத்தில் வைத்தே இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்க்கிறேன்.

> ‘கையடக்க நீரியல் அகழ்வான்’ என்றால் மூலத்தில் உள்ள மூன்று சொல்லும் வந்துவிடும்.

மூன்றும் வந்துவிடும், சரி. படிக்கிற ஒப்பந்தக்காரருக்கு என்ன புரியும்? கையடக்கம் என்றால் கைக்குள் அடங்க வேண்டும். இந்த வகையில் பரவலாகக் கிடைக்கும் சிறிய வண்டியே 1.7 டன் இருக்கிறது. ‘அகழ்வான்’ தனியாக நிற்கும்போது வினைமுற்று மாதிரி ஒலிக்கிறது. ‘நாளை காலை அகழ்வான் வருகிறது’ என்று எழுதிப் பாருங்கள், யார் வருகிறார் என்றே படிப்பவர் கேட்பார். ‘அகழி’ கோட்டையைச் சுற்றிப் போய்விட்டது. ‘தோண்டி’ தண்ணீர் எடுக்கப் போய்விட்டது. ‘அகழ்பொறி’ இந்தச் சிக்கல் எதிலும் மாட்டவில்லை, அதை வைத்துக்கொள்ளலாம்.

‘நீரியல்’ பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மனத்தாங்கல். ‘hydraulic’ என்பதற்குப் பாடப்புத்தகத்தில் பழகிய சொல்தான். ஆனால் மழை, ஆறு, நிலத்தடி நீர் பற்றிய படிப்புக்கும் அதே பெயர். இந்த வண்டியின் குழாய்களில் ஓடுவது எண்ணெய். அதற்குள் நீர் புகுந்தால் எண்ணெய் பால்போல் வெளுத்து, பம்புக்குக் கேடு வரும். பட்டறையில் யாரும் ‘நீர்’ என்று வாய் திறப்பதில்லை, ‘ஆயில் பிரஷர்’ என்பார்கள். அமைப்பைப் பற்றித் தனியாகப் பேசும் இடத்தில் ‘எண்ணெயழுத்தம்’ என்றே எழுதலாம்.

பெயரிலோ அந்தச் சொல் தேவையே இல்லை. ஒரு காலத்தில் மண் தோண்டும் எந்திரங்கள் இரும்பு வடத்தில் இயங்கின. அப்போது ‘எண்ணெயழுத்த’ என்று சொல்லிப் பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது. பிரான்சின் பொக்லைன் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் முழுக்க எண்ணெயழுத்தத்தில் இயங்கி, முழு வட்டமும் சுழலும் வண்டியைக் கொண்டுவந்தது. பிறகு அதே தொழில்நுட்பத்தில் எல் அண்ட் டி நிறுவனம் இந்தியாவிலேயே செய்து விற்றதால்தான் நம் செய்தித்தாள்களில் ஆக்கிரமிப்பை அகற்றுவதெல்லாம் ‘பொக்லைன் எந்திரம்’ ஆனது. இன்று கட்டுமான வேலைக்கு விற்பனைக்கு வரும் அகழ்பொறி எல்லாமே எண்ணெயழுத்தம்தான். டீசல் லாரியை யாரும் ‘உள்ளெரி பொறி லாரி’ என்பதில்லையே.

> மக்கள் ஜேசிபி என்கிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

பேச்சில் வைத்துக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் சொல்கிறேன். இலங்கை நண்பர்கள் ‘பெக்கோ’ என்பார்கள். ஆனால் வாங்குவதற்கான கையேட்டில் அது ஆபத்து. தமிழ்நாட்டில் ஜேசிபி என்றால் முன்னால் பெரிய வாளி, பின்னால் தோண்டும் கை, நான்கு டயர் உள்ள வண்டி. செயின் போட்டு முழு வட்டம் சுழல்வது ஹிட்டாச்சி, வேறு கம்பெனிக்காரர் செய்திருந்தாலும். சின்ன வேலைக்கு ஒப்பந்தக்காரர் முதலில் தடுமாறுவதே இந்த இரண்டில் எது என்பதில்தான். டயர் வண்டி ஏழரை டன் அளவில் இருக்கும், தானே சாலையில் ஓடி அடுத்த வேலைக்குப் போகும், தோண்டிய மண்ணை முன்வாளியால் அள்ளி டிப்பரில் போடும். சின்ன செயின் வண்டியை ஏற்றிச் செல்ல லாரி வேண்டும். ஆனால் மதுரை மாசி வீதிகளிலிருந்து பிரியும் சந்துகளிலும் திருவல்லிக்கேணி முடுக்குகளிலும் டயர் வண்டி நுழையவே நுழையாது. நுழைந்தாலும் திரும்பாது.

ஆகவே இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும். டயர் வண்டி பின்னால் அகழ்கிறது, முன்னால் வாருகிறது. ‘அகழ்வாரி’ என்று வைக்கலாம். சங்கிலியில் ஓடிச் சுழல்வது அகழ்பொறி.

இனி ‘சிறிய’ என்பதற்கு வருவோம். ‘குறு’ சேர்த்தால் புணர்ச்சியில் ‘குற்றகழ்பொறி’ ஆகும். குற்றத்தோடு பிறந்த வண்டியை யார் வாங்குவார்? சிறு + அகழ்பொறி = சிற்றகழ்பொறி. சிற்றூர், சிற்றுண்டி, சிற்றுந்து என்று நமக்குப் பழகிய தடம்.

> கச்சிதம் என்ற நல்ல சொல் இருக்க ‘சிறு’ எதற்கு? ‘கச்சித அகழ்பொறி’ அழகாக இருக்கிறதே.

அழகுதான். ஆனால் விற்பனைத் தாளில் வரும் ‘compact’ என்ற அந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று எடை. ஐஎஸ்ஓ 6165 தரவரையறையின்படி இயங்கு எடை 6,000 கிலோவைத் தாண்டாத அகழ்பொறி இந்த வகுப்பு, அவ்வளவுதான். இன்னொன்று வால், அதாவது சுழலும்போது பின்னால் எவ்வளவு இடம் கேட்கும் என்பது. ஆறு டன்னுக்குக் குறைந்த வண்டியிலும் வால் நீண்டிருக்கலாம். இருபது டன்னுக்கு மேற்பட்ட வண்டியிலும் வால் குறுகியிருக்கலாம். வாங்குபவர் இந்த இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்கிறார், தனித்தனியாகக் காசு கொடுக்கிறார். நம் சொல்லும் தனித்தனியாக இருக்கட்டும் என்பதே நான் சொல்ல வருவது.

எடை முடிவு எளிது. 1.7 டன் வண்டி சுமார் ஏழரை அடி ஆழம் தோண்டும், மூன்றரை டன் வண்டி பத்தடி, ஐந்து டன்னுக்கு மேல் போனால் பதினொன்றரை அடி அளவில். வீட்டுக்குக் குழாய் பதிக்கும் வேலைக்கும் நிலவறை எடுக்கும் வேலைக்கும் எது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

வாலில்தான் விஷயம் இருக்கிறது. நாற்பது அடி மனை, மூன்று பக்கமும் மதில். அகழ்பொறி முன்னால் தோண்டிவிட்டு, வாளி மண்ணோடு டிப்பர் பக்கம் திரும்புகிறது. இயக்குபவரின் கண் வாளியில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் எதிரெடை (வண்டி முன்னால் கவிழாதிருக்க வைத்த பாரம்), செயினைத் தாண்டி வெளியே நீண்டு, பக்கத்து வீட்டு மதிலை இடிக்கிறது. ‘பின்னாடி அடிக்குது, பின்னாடி அடிக்குது’ என்று ஹெல்பர் கத்துவது இதைத்தான். எதிரெடையின் பின்பக்கத்தை வளைத்துக் குறுக்கி, சுழலும்போது செயின் அகலத்துக்குள்ளேயே நிற்கும்படி செய்த சிறிய வண்டிகளை ஜப்பானின் யன்மார் 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘zero tail swing’ எனப்படும் இதற்கு இங்கே வந்த சொற்கள் ‘சுழி வால் வீச்சு’, ‘வாலில்லா’. சுழி என்றால் பூச்சியம் என்று அகராதி சொல்லும், சந்தில் நிற்பவருக்கு மாட்டின் நெற்றிச் சுழிதான் நினைவுக்கு வரும். ‘வாலில்லா’ தவறு. வால் இருக்கிறது, எதிரெடை இல்லாவிட்டால் வண்டி முன்னால் கவிழ்ந்துவிடும். ‘வாலடங்கு’ என்று நான் சொல்வேன். வால் இருக்கிறது, அடங்கி இருக்கிறது. வாலாட்டாமல் இருப்பவனைப் பற்றி ஊரில் சொல்கிற பொருளும் கூடவே வருகிறது, வரட்டும். ஆக முழுப்பெயர் ‘வாலடங்கு சிற்றகழ்பொறி’. மற்றது ‘வால்நீள் சிற்றகழ்பொறி’.

எதற்குள் அடங்குகிறது என்பதையும் கையேடு சொல்லியாக வேண்டும். 1.7 டன் வகுப்பில் செயின்களின் அகலத்தைச் சுருக்கி விரிக்கும் வண்டிகள் உண்டு. 99 செ.மீ.க்குச் சுருக்கினால் வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்குள் போய்விடும், உள்ளே போனதும் 124 செ.மீ.க்கு விரித்துக்கொள்ளலாம். வால் அடங்குவது விரித்த நிலையில்தான். சுருக்கிய நிலையில் சுழற்றினால் பக்கத்துக்குப் பன்னிரண்டு செ.மீ. போல வெளியே வரும், மதிலில் காரை பெயர்க்க அது போதும். வண்டியின் நிலைப்பும் விரித்தால்தான். ஆகவே வரையறையில் ‘விரித்த செயின் அகலத்துக்குள்’ என்று சேர்க்க வேண்டும்.

வாலடங்கு வண்டிதான் எப்போதும் உயர்ந்தது என்று கையேடு எழுதிவிடவும் கூடாது. எதிரெடை மையத்துக்கு நெருங்கி வந்துவிட்டதால் பாரம் தூக்கும்போது அதன் பிடி குறைகிறது. கூடுதல் இரும்பு வைத்துச் சரிசெய்கிறார்கள், ஆனாலும் பக்கவாட்டில் பாரம் தூக்கும்போது வித்தியாசம் தெரியும். திறந்தவெளியில் ஹியூம் பைப்பை (கான்கிரீட் குழாயை) தூக்கி இறக்குவதுதான் முக்கால்வாசி வேலை என்றால் வால்நீள் வண்டியே தேவலை.

‘சுழற்சி’ என்ற சொல்லையும் இந்த இழையில் இரண்டு பொருளில் போட்டிருக்கிறோம், இதையும் பிரிக்க வேண்டும். வண்டியின் மேலுடல் முழுக்கச் சுற்றுவது ஒன்று. கையின் அடியில் நிற்கும் ஒரு செங்குத்து இரும்பு ஊசியில் (pin) கை மட்டும் இடவலமாகத் திரும்புவது இன்னொன்று. மதிலை ஒட்டினாற்போல் குழாய்ப்பள்ளம் எடுக்க உதவுவது இந்த இரண்டாவது. கையை ஒரு பக்கம் திருப்பி, உடலை அதற்கு எதிர்ப்பக்கம் சுழற்றினால், செயின் பள்ளத்துக்கு இணையாக ஓட, வாளி செயினுக்கு வெளியே மதில் ஓரம் நேராக இறங்கும். பெரிய அகழ்பொறிகளில் இந்த வசதி பொதுவாக இருப்பதில்லை. முதலாவதை ‘உடற்சுழற்சி’ என்றும் இரண்டாவதைக் ‘கைத்திருப்பம்’ என்றும் சொல்லலாம். கையின் இரண்டு பகுதிகளுக்கும் சொல் தேட வேண்டாம். நம் உடம்பிலேயே மேற்கையும் முன்கையும் இருக்கின்றன.

செயின், வாளி, பல், பிரேக்கர் (பாறை உடைக்கும் கருவி) இவற்றைத் தொட வேண்டாம். வாளிப் பல் தேய்ந்துவிட்டது என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

> இவ்வளவு செய்தாலும் கடைசியில் மினி ஹிட்டாச்சி என்றுதான் சொல்வார்கள்.

சொல்லட்டும். வாடகைக்குக் கூப்பிட அந்தச் சொல் போதும். விலைப்பட்டியலில் இரண்டு வண்டியை அருகருகே வைத்து ஒப்பிடும்போதுதான் நம் சொல் வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. வாளியைக் கழற்றிவிட்டுப் பிரேக்கரை மாட்ட, ஊசி தட்டாமல் இருக்கையிலிருந்தே பூட்டி அவிழ்க்கும் இணைப்பு இருக்கிறதே, அது. ‘விரைவு இணைப்பான்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், மின்சார வேலை போல இருக்கிறது. ‘மாட்டி’ என்று வைத்தால் சட்டை மாட்டியோடு குழம்புமா? பட்டறைப் பக்கம் பழக்கமுள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்.