தொழிலுறவில் யூனிட்டரி, புளூரலிஸ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

திருச்சி அன்பர் எழுதியது:

வணக்கம். தொழிற்சங்க ஊழியர்களுக்கான மாலை வகுப்புக்குத் தொழிலுறவுக் கோட்பாடுகள், அதாவது நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் உள்ள உறவு பற்றிய கோட்பாடுகள் குறித்து ஒரு பாடம் தயாரிக்கிறேன். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆலன் ஃபாக்ஸ் 1966-ல் பிரித்துக் காட்டிய இரண்டு 'ஃபிரேம் ஆஃப் ரெஃபரன்ஸ்' (ஆலையைப் பார்க்கும் கோணங்கள்) இல்லாமல் பாடம் நகராது. யூனிட்டரிக்கு 'ஒருமைவாதம்', புளூரலிஸ்டுக்குப் 'பன்மைவாதம்', ஃபிரேம் ஆஃப் ரெஃபரன்ஸுக்குப் பள்ளி இயற்பியலில் வரும் 'குறிப்பாயம்' என்று போட்டிருந்தேன். வகுப்பில் வாசித்ததும் ஒரு தோழர், "ஒருமைவாதம் நல்லதுதானே? ஒத்துமையா இருக்கணும்னுதானே நாமளும் சொல்றோம்?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல முடிந்தது, ஆனால் சொல்லே தடுக்கிவிடுகிறது என்றால் மாற்றிவிடுவது மேல். வேறு ஏதாவது உண்டா?

சென்னை அன்பர் எழுதியது:

> ஒத்துமையா இருக்கணும்னுதானே நாமளும் சொல்றோம்?

அந்தத் தோழர் கேட்டது சரியான கேள்வி. 'ஒருமை', 'பன்மை' இரண்டும் எண்ணிக்கையைச் சொல்கின்றன. எதன் எண்ணிக்கை என்பதைச் சொல்வதில்லை. போதாக்குறைக்குப் பன்மைவாதம் என்றால் பல சமயம், பல மொழி, பல பண்பாடு என்றுதான் படிக்கிறவர் மனம் போகும். ஆலை வாசலுக்கு அது வராது.

ஃபாக்ஸ் என்ன சொன்னார் என்பதை வைத்துப் பார்ப்போம். தொழிற்சங்கங்களை ஆராய பிரிட்டனில் 1965-ல் அமைத்த டொனோவன் ஆணையத்துக்காக அவர் எழுதிய ஆய்வுத்தாளில்தான் இந்தப் பிரிவினை வருகிறது. ஒரு நிர்வாகி தன் ஆலையை எப்படிப் பார்க்கிறார் என்பதே அவர் கேள்வி. ஒரு பார்வையில் (யூனிட்டரி), ஆலைக்கு அதிகாரம் பிறக்கும் இடம் ஒன்று, விசுவாசம் போய்ச்சேரும் இடம் ஒன்று. விளையாட்டுக் குழுவைப் போல எல்லாருக்கும் ஒரே இலக்கு. அப்படிப் பார்க்கிறவருக்குத் தகராறு என்பது ஒன்று தவறான புரிதல், இல்லையென்றால் யாரோ தூண்டிவிட்டது. சங்கம் வெளியிலிருந்து நுழைந்த ஆள். மற்றப் பார்வையில் (புளூரலிஸ்ட்), ஆலைக்குள் நலன்கள் வேறு வேறு. அவை மோதுவது இயல்பு. பேசி உடன்பாட்டுக்கு வருவதே நிர்வாகத்தின் வேலை. சங்கத்துக்கு அங்கே நியாயமான இடம் உண்டு.

'குழு' என்ற உவமையைப் பிடித்துக்கொண்டு 'ஓரணி நோக்கு' என்று யாராவது சொல்லக்கூடும். வேண்டாம். 'ஓரணியில் திரள்வோம்' என்பது ஆலை வாசலில் சங்கம் நடத்தும் வாயிற்கூட்டத்தின் முழக்கம். இன்றைக்கு அரசியல் மேடையும் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. நிர்வாகப் பார்வைக்குத் தொழிலாளியின் முழக்கத்தையே பெயராக வைத்தால் உங்கள் வகுப்பில் குழப்பம் இரட்டிப்பாகும்.

குறிப்பாயம் ஓடும் ரயிலுக்கும் நிற்கும் நடைமேடைக்கும் பொருந்தும். இங்கே வெறும் 'நோக்கு' போதும்.

என் முன்மொழிவு 'தரப்பு' என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறது. சமரச மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் நான். அங்கே புழங்குகிற சொல் அதுதான். 'நிர்வாகத் தரப்பில் ஆஜரானவர்', 'தொழிற்சங்கத் தரப்பில் தெரிவிக்கப்பட்டது', 'இருதரப்பினரும் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டனர்', 'முத்தரப்புப் பேச்சுவார்த்தை' என்றுதான் பதிவேடு முழுக்க இருக்கும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947 தொழிற்தகராறுகள் சட்டத்தில் 18(1) ஒப்பந்தம், கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்தியது. சமரச அலுவலர் முன்னால் போட்ட 12(3) ஒப்பந்தம் ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தியது. எந்தச் சங்கம் தரப்பு, எது தரப்பு இல்லை என்பதை வைத்துத்தான் பாதிச் சண்டை. அமெரிக்கப் பொருளியலாளர் டன்லப் 1958-ல் தொழிலுறவை ஓர் அமைப்பாக விவரித்தபோது நிர்வாகம், தொழிலாளர், அரசு முகமைகள் ஆகிய மூன்றையும் 'ஆக்டர்' என்றார். அதை 'நடிகர்' என்று மாற்றினால் சினிமாக் கொட்டகைக்குப் போய்விடுவோம். 'தரப்பினர்' என்றால் முடிந்தது.

வரலாறும் இந்தச் சொல்லுக்குச் சாட்சி. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தது, குடியிருப்பு கட்டியது. ஆனால் 1918 ஏப்ரல் 27-ல் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு முயற்சியில், பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க.வும் பங்கேற்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது அதோடு எதிரே உட்கார்ந்து பேச அந்த நிறுவனத்துக்கு மனமில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சரி, அப்பனுக்குச் சங்கம் கூடாது! யூனிட்டரி என்றால் என்ன என்று கேட்கிறவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இரக்கமில்லாதவர்தான் இப்படி நினைப்பார் என்றில்லை. கொடுப்பவன் நான், எதைக் கொடுப்பது என்று முடிவு செய்பவனும் நானே, இடையில் நீ யார் என்பதுதான் அதன் உயிர்.

1920 கடைசியில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் வந்தபோது, ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர்மீது நிறுவனம் வழக்குப் போட, சென்னை உயர்நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. பிரிட்டனில் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் 1901-ல் நடந்ததும் இதே சாயல்தான்: வேலைநிறுத்தத்தால் வந்த நட்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பு, இழப்பீடு 23,000 பவுண்டு. அங்கே 1906-ல் சட்டம் கொண்டுவந்து அதை மாற்றினார்கள். இங்கே பெரம்பூர் வழக்குக்குப் பிறகு தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921-ல் மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார்; 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 17, 18 பிரிவுகள் சதி வழக்கிலிருந்தும் உரிமையியல் வழக்கிலிருந்தும் பதிவுபெற்ற சங்கத்துக்குக் காப்பு தந்தன.

ஆனால் கவனியுங்கள். அந்தச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்தது. பேச்சுவார்த்தையில் தரப்பாக ஏற்கும்படி நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. அங்கீகாரத்தைக் கட்டாயமாக்க 1947-ல் நிறைவேற்றிய திருத்தம் நடைமுறைக்கே வரவில்லை. 2020 தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தில்தான், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவுள்ள சங்கமே பேச்சு நடத்தும் ஒரே சங்கம் என்று நாடு முழுமைக்குமான சட்டத்தில் எழுதினார்கள். (அது சின்னச் சங்கங்களை என்ன செய்யும் என்பது வேறு சண்டை, இந்த இழையில் வேண்டாம்.)

2024 ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் வேலைநிறுத்தத்தையும் பாடத்தில் சேருங்கள். செப்டம்பர் 9-ல் தொடங்கி 37 நாள். சம்பளக் கோரிக்கையும் இருந்தது, ஆனால் முடிச்சு விழுந்த இடம் சங்கப் பதிவு. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்றுகூட நிர்வாகம் ஆட்சேபித்தது. உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவுச் சான்று கிடைத்தது.

ஆகவே 'ஒருதரப்பு நோக்கு', 'பல்தரப்பு நோக்கு'. என்ன சொல்கிறீர்கள்?

கண்டி அன்பர் எழுதியது:

பல்தரப்பு நோக்கு அருமை ஐயா. ஒருதரப்பு சரிவராது. எதிராளி வராமலே நடந்து முடிகிற விசாரணையைத்தான் அந்தச் சொல் நினைவுபடுத்தும். 'பக்கச்சார்பு' என்ற வாடையும் அடிக்கிறது.

இங்கே இலங்கையில், உங்களது 'தகராறு' எங்களுக்குப் 'பிணக்கு'. 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே கைத்தொழில் பிணக்குகள் சட்டம். கைத்தொழில் என்றால் நீங்கள் கூடை முடைவதை நினைப்பீர்கள், நாங்கள் தொழிற்சாலையை நினைப்போம். அதனால் பொதுச்சொல்லாக 'தொழிலுறவு' இருப்பது இரு கரைக்கும் வசதி. 'கூட்டு ஒப்பந்தம்' மட்டும் யாரும் விளக்கத் தேவையில்லை. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாட்சம்பளப் பேச்சு வந்தாலே லயத்துக் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) குழந்தைக்கும் தெரிந்த சொல் அது.

தோட்டத்தில் அதிகாரம் ஓர் இடத்தில்தான் இருந்தது: துரை, அதாவது தோட்ட மேலாளர். அவருக்குக் கீழே கங்காணி. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய் ஆட்களிடம் பேசினார் என்று இன்றும் சொல்வார்கள். 1931-ல் ஹட்டனில் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியபோது உடைந்தது எது என்று கேட்டால், துரையின் ஒற்றைத் தலைமை என்பேன். 'ஒருதலைமை நோக்கு' என்று வைத்துப் பாருங்களேன்.

கோவை அன்பர் எழுதியது:

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், அதாவது மேசைக்கு அந்தப் பக்கம். தனிமடலில் ஒருவர் யூனிட்டரிக்கு 'தரப்பு மறுப்பு நோக்கு' என்று யோசனை அனுப்பினார். பொருள் சரியாகவே இருக்கலாம், ஆனால் அது குற்றப்பத்திரிகை. அந்தப் பார்வை உள்ளவர், "ஆமாம், நான் இப்படித்தான் பார்க்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி பெயர் இருக்க வேண்டும். ஒருதலைமை என்றால் எங்கள் ஆட்களே தலையாட்டுவார்கள். மேலாண்மை ஆய்வாளர் எல்டன் மேயோவின் வழிவந்த மனித உறவுக் கொள்கையையும், இன்று 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று நாங்கள் நடத்துகிற பயிற்சி முகாம்களையும் அதற்குள் அடக்கலாம்.

சென்னை அன்பர் எழுதியது:

கோவை அன்பர் சொல்வதில் பாதிதான் ஏற்கிறேன். வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போகிறவரைச் சொல்லும் 'கருங்காலி' என்ற சொல்லை எந்தக் கருங்காலியும் ஒப்புக்கொண்டதில்லை, ஆனாலும் அது நிலைத்தது. அது வாயிற்கூட்டத்துச் சொல் என்பதால் அங்கே வசவுக்கு இடம் உண்டு. பாடநூல் சொல்லுக்கு உங்கள் விதி சரி.

ஒருதலைமை நோக்கு, எனக்குச் சம்மதம். ஒன்றில் 'தலைமை', மற்றதில் 'தரப்பு' என்று ஜோடி பொருந்தவில்லையே என்று யாராவது கேட்பார்கள். பொருந்த வேண்டியதில்லை. முதல் நோக்குக்காரருக்கு ஆலையில் முதலில் தெரிவது யார் தலைவர் என்பது. இரண்டாமவருக்குத் தெரிவது யார் யார் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. ஆங்கிலத்தில் இரண்டும் எண்ணிக்கைச் சொல்லாக இருப்பதற்காக நாமும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. 1973-74 வாக்கில் ஃபாக்ஸே பல்தரப்பு நோக்கைக் குறைகூறத் தொடங்கினார். மேசையில் இரு தரப்பு உட்கார்ந்துவிட்டால் இருவர் பலமும் ஏறத்தாழ சமம் என்று அது எண்ணிக்கொள்கிறது. ஆலை யாருடையது, லாபம் யாருக்கு என்ற கேள்விகள் அந்த மேசைக்கு வருவதே இல்லை என்பது அவர் வாதம். 1975-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் ஹைமன் மார்க்சிய வழியில் அதை இன்னும் அழுத்திச் சொன்னார். இந்த 'ராடிக்கல்' பார்வைக்குத் தமிழ் என்ன? 'தீவிர நோக்கு' என்றால் மறுநாளே காவல் நிலையத்தில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். 'வர்க்க நோக்கு' என்பது இடதுசாரிச் சங்கங்களில் ஏற்கெனவே புழங்குகிறது, ஹைமனுக்குக் கச்சிதம். ஃபாக்ஸுக்கு அது சற்றே பெரிய சட்டை. அவர் பேசியது முதலில் அதிகார ஏற்றத்தாழ்வைப் பற்றி. 'ஏற்றத்தாழ்வு நோக்கு' என்று வைத்தாலோ, ஏற்றத்தாழ்வு வேண்டும் என்கிற நோக்கு என்று படிப்பார்கள். எனக்கு வழி தெரியவில்லை.

திருச்சி அன்பர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒருதலைமை நோக்கு, பல்தரப்பு நோக்கு இரண்டையும் பாடத்தில் ஏற்றிவிட்டேன். மூன்றாவதைத் தற்காலிகமாக 'ராடிக்கல் நோக்கு' என்றே விட்டிருக்கிறேன். வகுப்பில் இருப்பவர்களே ஒரு சொல் தரட்டும் என்று கேட்கப் போகிறேன். பெரம்பூர், ஹட்டன் இரண்டையும் உதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்து இன்னொன்று. சம்பளத்திலேயே சங்கச் சந்தாவைப் பிடித்து நிர்வாகம் சங்கத்திடம் கட்டுகிற 'செக் ஆஃப்' முறைக்குச் 'சந்தாப் பிடித்தம்' போதுமா? இரண்டு சங்கம் உள்ள ஆலையில் உறுப்பினர் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதற்கும் அதே கணக்கைத்தான் காட்டுகிறார்கள். அந்தப் பொருளும் சொல்லில் தெரிய வேண்டுமா, அல்லது விளக்கத்தில் சொன்னால் போதுமா? இதைத் தனி இழையாகத் தொடங்கிவிடுகிறேன்.