எஸ்.ஏ.ஆர் எண் குறைவாக இருக்கும் போன்தான் நல்லதா?

கயல்:
இரண்டு போன் பார்த்து வைத்திருக்கிறேன். *#07# போட்டால் எஸ்.ஏ.ஆர், அதாவது போன் அலையிலிருந்து உடல் உறிஞ்சும் சக்தியின் அளவு, ஒன்றில் தலைக்கு 0.89, இன்னொன்றில் 1.18 வாட்/கிலோ. முதல் போனையே வாங்கிவிடலாமா? கடையில் பின்பக்கம் ஒட்ட 'ஆன்ட்டி ரேடியேஷன்' ஸ்டிக்கரும் தருகிறார்கள். ஒட்டலாமா?

ஆன்டெனா:
அந்த எண்ணை வச்சு முடிவு பண்ணாதீங்க. தலை மாதிரி அச்சுக்குள்ள திரவம் ஊத்தி, போனை உச்ச பவர்ல ஓடவிட்டு எடுக்கிற அளவு அது. இந்தியாவுல 2012 செப்டம்பர்ல இருந்து வரம்பு 1.6, ஒரு கிராம் திசுவுக்கு. ரெண்டு போனும் அதுக்குக் கீழதான்.

நிஜத்துல போன் எவ்வளவு பவர் விடுதுங்கிறது சிக்னலைப் பொறுத்தது. 4ஜி-ல உச்சம் 200 மில்லிவாட். டவர் பக்கத்துல இருந்தா ஒரு மில்லிவாட்டுக்கும் கீழ இறங்கிடும். லிஃப்ட்டுல பேசுற 0.89 போன், மொட்டை மாடியில பேசுற 1.18 போனைவிட அதிகமா வீசலாம்.

செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் போய் சிக்னல் அளவைப் பாருங்க. 4ஜி-க்கு −85 டிபிஎம் நல்லா இருக்குன்னு அர்த்தம். −115 காட்டினா போன் திணறுது. மைனஸ் எண், அதனால மைனஸுக்குப் பின்னால இருக்கிற எண் பெருசானா சிக்னல் மோசம்; பலரும் இதைத் தலைகீழாப் படிக்கிறாங்க. சிக்னல் மோசமான இடத்துல வைஃபை காலிங் (டவருக்குப் பதிலா வைஃபை வழியா பேசுறது) போட்டுக்கோங்க.

ஸ்டிக்கர் தண்டச் செலவு. ஆன்டெனாவை மறைக்காத இடத்துல ஒட்டினா ஒண்ணும் நடக்காது. மறைச்சா சிக்னல் குறையும், போன் பவரை ஏத்தும். கார் ஹோல்டருக்காக கவருக்குள்ள வைக்கிற இரும்புத் தகடும் இதே வேலையைச் செய்யும்.

தென்றல்:
ஒரு சேர்க்கை. ஐரோப்பிய தளங்களில் உள்ள எண்ணை இதோடு ஒப்பிடாதீர்கள். அங்கே வரம்பு 2.0, ஆனால் சராசரி 10 கிராம் திசுவுக்கு. கை கால்களுக்குத் தனி வரம்பு, 4.0. 2023 செப்டம்பரில் பிரான்ஸ் ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொன்னது இந்தக் கை அளவில்தான்: 5.74 வந்தது. மென்பொருள் அப்டேட்டில் சரிசெய்தார்கள்.

கயல்:
நன்றி. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கலாமா? புற்றுநோய் என்கிறார்களே?

ஆன்டெனா:
உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல போன் விடுற ரேடியோ அலையை '2பி' பட்டியல்ல சேர்த்துச்சு. 'இருக்கலாம், ஆதாரம் போதாது'ங்கிற வகை. எக்ஸ்ரே மாதிரி டிஎன்ஏவை உடைக்கிற சக்தி இந்த அலைக்குக் கிடையாது. கவலையா இருந்தா ஸ்பீக்கர்ல போட்டு ஒரு சாண் தள்ளி வச்சுப் பேசுங்க, அதுலயே பெரும்பகுதி குறைஞ்சிடும். ராத்திரி ஏரோப்ளேன் மோட். சார்ஜ் ஏறுற போனைத் தலையணைக்கு அடியில மட்டும் வைக்காதீங்க. சூடு வெளியேற வழியில்லாம பேட்டரி கெடும், தீப்பிடிக்கவும் செய்யும்.

தென்றல்:
வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் போன் அவர்கள் சட்டைப் பைக்குள் போகக் கூடாது. குறைந்தது 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அங்கே கவலை அலையைவிட போனுக்குள் இருக்கும் காந்தம்தான்.