ஜிகாபிட் போர்ட்டின் வரைபடம் 114 மெகாபிட்டைத் தாண்ட மறுக்கிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகத்தின் மைய ஸ்விட்சிலிருந்து காக்டி என்னும் வரைபட மென்பொருள், எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை) வழியாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை தரவைச் சேகரிக்கிறது. இரவில் பேக்கப் ஓடும்போது ஸ்விட்சின் கட்டளைத் திரை நொடிக்கு 600 மெகாபிட் என்று காட்ட, வரைபடமோ 114-ஐத் தாண்டாமல் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. கம்யூனிட்டி பெயரும் (எஸ்என்எம்பி-க்கான கடவுச்சொல் போன்றது) எஸ்என்எம்பி பயன்படுத்தும் யுடிபி 161-ஆம் போர்ட்டும் சரியாகவே உள்ளன. எதைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 1:
காக்டியின் சாதனப் பக்கத்தில் எஸ்என்எம்பி பதிப்பு 1 என்று இருக்கும், பாருங்கள். அதில், போர்ட்டைக் கடந்த பைட்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணி மட்டுமே கிடைக்கும். பழைய பைக்கின் கிலோமீட்டர் மானி 99999-க்குப் பின் பூஜ்யத்திற்குத் திரும்புவதைப் போல, அந்த எண்ணி சுமார் 429 கோடி பைட்டுகளில் மீண்டும் பூஜ்யமாகிவிடும். 600 மெகாபிட் வேகத்தில் இதற்கு 57 நொடிகளே போதும் என்பதால், உங்கள் 5 நிமிடத்திற்குள் அது ஐந்து முறை சுற்றிவிடுகிறது. காக்டியோ ஒருமுறைதான் சுற்றியதாகக் கணக்கிடுகிறது; 5 நிமிடத்தில் ஒரு சுற்று என்பது நொடிக்குச் சுமார் 114 மெகாபிட், அதனால்தான் வரைபடம் அதைத் தாண்டுவதில்லை. பதிப்பை 2-க்கு மாற்றி, 64 பிட் எண்ணி கொண்ட வரைபடத்தைப் புதிதாக உருவாக்குங்கள். பதிப்பை மட்டும் மாற்றினால் பழைய வரைபடம் திருந்தாது (நான் அப்படியே விட்டுவிட்டு ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன்).

மறுமொழி 2:
பதிப்பு 2-இல் கம்யூனிட்டி பெயர் மறையாக்கம் இன்றியே செல்லும். ஸ்விட்ச் அனுமதித்தால் நேரடியாக மறையாக்க வசதியுள்ள பதிப்பு 3-க்கே சென்றுவிடுவது நல்லது.

கேட்டவர்:
பதிப்பு 1-தான் இருந்தது. புதிய வரைபடம் நேற்றிரவு 610 வரை சென்றது. நன்றி.