விடியவிடிய முழித்துப் படித்தால் பாடம் நிற்குமா?

உவர்மலை ரீச்சர்:
உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன கிழமை மாதிரிப் பரீட்சையில் ஒரு பிள்ளை, கலங்கள் உணவிலிருந்து சக்தி எடுக்கும் கிரெப்ஸ் வட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அழுதது. முதல்நாள் இரவு 12 மணிக்கு அதையே ஒரு பிழை இல்லாமல் வாட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பிய பிள்ளை. எத்தனை மணித்தியாலம் நித்திரை என்று கேட்டேன். இரண்டு என்றது.

நித்திரை முழித்துப் படிப்பதைக் கெட்டித்தனம் என்று இங்கே இன்னும் புகழ்கிறோம். அது படித்ததையே தின்றுவிடுகிறது என்கிறேன். பகலில் படிப்பதை முதலில் பிடித்து வைப்பது மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி. 1994இல் வில்சன், மக்னோட்டன் என்ற இருவர் எலிகளின் அந்தப் பகுதியில் நுண்ணிய மின்வாய்களை வைத்துப் பார்த்தார்கள். எலி ஓடித் திரிந்தபோது ஒன்றாகத் துடித்த கலங்கள், அது ஆழ்ந்து உறங்கும்போதும் ஒன்றாகவே துடித்தன. பகல் பாடத்தை இரவில் மூளை தானாகத் திருப்பிப் பார்க்கிறது. கனவும் அந்த வேலையில் ஒரு பங்கு என்றே நம்புகிறேன். இரவு பத்தரைக்குப் பிள்ளைகளைக் கொப்பியை மூடச் சொல்லுங்கள்.

திருக்கடலூரான்:
ரீச்சர், குறை நினைக்காதீர்கள், என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஓர் அறை. பகல் முழுக்கச் சத்தம், ஆட்கள், வலை வேலை. அப்பா வள்ளம் ஏறிய பிறகுதான் விளக்கடியில் இடம் கிடைக்கும். அவர் கரைக்கு வரும் விடியப்புறம் வரை படிப்பேன். அந்த நேரம் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு ஒரு பொறியியலாளன் இல்லை.

அப்புறம் ஆய்வு. 1924இல் ஜென்கின்ஸ், டல்லன்பாக் செய்ததைத்தான் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். பொருளில்லாத அசைகளைப் பாடமாக்கிவிட்டு உறங்கினால் மறதி குறைவு என்று கண்டார்கள். சோதிக்கப்பட்டவர்கள் இரண்டே மாணவர்கள். உறங்கும்போது புதிதாக ஒன்றும் உள்ளே வந்து பழையதைக் குழப்புவதில்லை, அவர்கள் சொன்ன விளக்கமும் இதுதான். இதில் மூளை எதையும் திருப்பிப் படித்ததாக இல்லை.

கனவுக் கதை அதைவிடப் பலவீனமானது. மூளைத்தண்டில் குண்டுச் சிதறல் தைத்த ஓர் இஸ்ரேலியருக்கு, கனவு நிறைய வரும் கண்ணசைவு நித்திரை ஏறக்குறைய இல்லாமலே போனது. 1984இல் பதிவான விடயம். காயப்பட்ட பிறகுதான் அவர் சட்டம் படித்து வழக்கறிஞரானார். மன அழுத்தத்துக்கான சில பழைய மருந்துகளும் அந்த நித்திரையை அடியோடு நிறுத்தும். அந்த மருந்துகளை எடுப்பவர்களுக்கு ஞாபகம் போய்விடுவதில்லை.

நிலாவெளி அக்கா:
நான் தாதி. மாதத்தில் பாதி இரவுக் கடமை. இரண்டு இரவு தொடர்ந்து நின்றால், காலையில் பொறுப்புக் கொடுக்கும்போது ஒரு நோயாளிக்கு நானே போட்ட ஊசியை எழுதினேனா என்று மூன்று தரம் திருப்பிப் பார்ப்பேன்.

தம்பி, நித்திரையையும் கனவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். நித்திரையில் ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த நித்திரை அதிகம், விடியப்புறச் சுற்றுகளில் கனவு அதிகம். 2007இல் ஜெர்மனியில் ஒரு சோதனை செய்தார்கள். சீட்டுகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று பாடமாக்கும்போது ரோசாப்பூ வாசம் காட்டினார்கள். பிறகு ஆழ்ந்த நித்திரையில் அதே வாசத்தைக் காட்டியபோது, காலையில் சீட்டுகள் கூடுதலாக ஞாபகம் இருந்தன. கண்ணசைவு நித்திரையில் காட்டியபோது பலன் இல்லை. வெறுமனே குழப்பம் இல்லாததுதான் காரணம் என்றால், வாசம் எப்படி வேலை செய்யும்? உள்ளே ஏதோ நடக்கத்தான் செய்கிறது. ரீச்சர் நித்திரை பற்றிச் சொன்னது சரி. கனவு பற்றிச் சொன்னதை நானும் ஏற்கவில்லை.

உவர்மலை ரீச்சர்:
கனவை அவ்வளவு சுலபமாக விட மாட்டேன். 2010இல் ஹார்வர்டில் 99 பேருக்குக் கணினியில் ஒரு புதிர்ப்பாதையைப் பழக்கினார்கள். பிறகு ஒரு பகுதியினர் பகல் நித்திரை கொண்டார்கள், மற்றவர்கள் விழித்திருந்தார்கள். அந்தப் பாதை பற்றிக் கனவு கண்டதாகச் சொன்ன ஒரு சிலர்தான் மற்ற எல்லோரையும்விட அதிகம் முன்னேறினார்கள். விழித்திருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கனவில் யாரும் வழி கண்டுபிடிக்கவும் இல்லை. ஒருவருக்கு விளையாட்டின் இசை மட்டும் கேட்டது. இன்னொருவர் எப்போதோ போன வௌவால் குகையைக் கண்டார். புதுப் பாதையைப் பழைய குகையோடு முடிந்து வைத்திருக்கிறது மூளை! இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

திருக்கடலூரான்:
அதே ஆய்வில் கனவு கண்டவர்கள் முதல் தடவை மோசமாகச் செய்தவர்கள். தங்களுக்குக் கஷ்டமாக இருந்ததைத்தான் கண்டிருக்கிறார்கள். உள்ளே வேலை நடந்தால் கனவில் அதன் நிழல் விழும். நிழல்தான் வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? கனவில் என் பேச்சு மாறாது.

அக்கா சொன்ன வாசம்தான் என்னைக் கொஞ்சம் அசைத்தது. சரி, நித்திரை வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். எப்போது கொள்வது? கிண்ணியாவிலிருந்து காலை ஐந்தரை வகுப்புக்கு வரும் பிள்ளை நாலு மணிக்கு எழும்ப வேண்டும். பள்ளி விட்டால் பின்னேர வகுப்பு, வீட்டுக்கு வர இரவு எட்டு. பிறகுதான் கொப்பியைத் திறக்கும். பத்தரைக்கு மூடு என்று அதனிடம் சொல்வது நியாயமா? ரீச்சர், உங்கள் வகுப்பு எத்தனை மணிக்கு?

உவர்மலை ரீச்சர்:
ஐந்தரைக்கு.

ஐந்து வருடமாக அந்த நேரம்தான். அழுத பிள்ளையும் அந்த வகுப்பில்தான் இருக்கிறது. நேற்று இதை வாசித்த பிறகு நித்திரை வரவில்லை. கிழமை நாட்களில் பள்ளி ஏழரைக்குத் தொடங்குவதால் காலையில் தள்ளிப்போட வழி இல்லை. வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டு, சனி எட்டு மணிக்கு மாற்றுகிறேன். செவ்வாய் வகுப்பைப் பின்னேரம் மூன்று மணிக்கு வைக்க, பஸ் நிலையத்துக்குக் கிட்ட நாற்பது பிள்ளைகள் இருக்கக்கூடிய ஓர் இடம் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி அக்கா:
எங்கள் சனசமூக நிலைய மண்டபம் செவ்வாயில் சும்மாதான் கிடக்கிறது. கொஞ்சம் தூரம்தான், ஆனால் பஸ் வாசலிலேயே நிற்கும். நாளைக்குத் திறப்பு வைத்திருப்பவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.